மஞ்சு சொல்லாமல் விட்ட வார்த்தை

மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் பொறுமை தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நன்னாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிற ஆளிடம், "மாத்திரை சாப்பிடறதாலதான் நன்னா இருக்கேள்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று. அப்படிப்பட்ட நானே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்த ஒரு நாளும் உண்டு. அதையும் சொல்கிறேன், ஆனால் இது என் கதை இல்லை. மஞ்சுவின் கதை.

மஞ்சு நகரிக்காரி. அவள் அப்பா நாகபூஷணத்துக்கு வீட்டின் முன்னறையிலேயே நாலு விசைத்தறி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்ததால் மஞ்சுவுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. அவள் மாடியில் பேசினால் கீழே கவுண்டரில் எனக்குக் கேட்கும். திருப்பதியில் படித்து, இங்கேயே கல்யாணமாகி, ஒன்பது வருஷமாக எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கழுத்து அட்டையில் கவுன்சிலர் என்று போட்டிருக்கும். டாக்டர் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போவதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி பத்து நிமிஷம் எடுத்துச் சொல்வதுதான் அவள் வேலை. நகரி, நாகலாபுரம் பக்கமிருந்து வருகிற தமிழ்க்காரர்கள் ரிசப்ஷனில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன்னால் மஞ்சு இருக்கிறாளா என்றுதான் கேட்பார்கள்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுநீரக டாக்டர் ராம்ப்ரசாத் கவுன்சிலர் பெண்களுக்கெல்லாம் ஒரு வாரம் வகுப்பு எடுத்தார். அதில் எழுதியது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதை என்னிடம் படித்துக் காட்டினாள்.

"மாதவியக்கா, க்ரானிக்னு சொல்றாங்களே, அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா உனுக்கு?"

"வாயிலேர்ந்துதான். சாப்பிடு."

"கிரேக்க பாசையில க்ரோனோஸ்னா காலமாம். அந்தக் காலத்து வைத்தியருங்க நோவை ரெண்டா பிரிச்சு வச்சிருந்தாங்களாம். சட்டுனு வந்து, ஏறி, சட்டுனு முடியறது ஒண்ணு. அதுக்கு அக்யூட். லத்தீன்ல கூர்மைன்னு அர்த்தம், ஊசி மாதிரி. காலத்தோடயே இழுத்துகினு போறது இன்னொண்ணு. அதான் க்ரானிக்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் அக்கா. அந்த வார்த்தையில சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலம் மட்டும்தான் இருக்குது."

எனக்கு அது பிடித்திருந்தது. நம் ஊரிலும் நாள்பட்ட சளி என்கிறோம், நாள்பட்ட ஊறுகாய் என்கிறோம், நாள்பட்ட பகை என்கிறோம். சுவரில் ஒட்டியிருக்கும் தெலுங்கு போஸ்டரில் தீர்க்ககாலிகம் என்று சமஸ்கிருதமாகப் போட்டிருக்கும். வார்டில் படுத்திருக்கிற தெலுங்குக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மொண்டி ரோகம் என்பார்கள், பிடிவாதம் பிடிக்கிற நோய் என்று அர்த்தம். மூன்று பாஷையிலும் யாரும் அதைக் கொடிய நோய் என்று சொல்லவில்லை. போகாமல் கூடவே இருப்பது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வார்த்தைக்கு வேறு வாழ்க்கை. "க்ரானிக் கேஸ்" என்று நர்சுகள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, அது கடைசிக் கட்டத்தின் பெயர் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். புத்தலப்பட்டிலிருந்து கங்கையா என்று ஒரு விவசாயி வந்தார். மஞ்சு வகுப்பில் படித்தபடி அவரிடம் ஒழுங்காக, "உங்களுக்கு இருக்கிறது க்ரானிக்" என்று ஆரம்பித்தாள். அவர் மீதியைக் கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போய், சொந்தக்காரர்களை வரவழைத்து, நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மகன் வந்து, இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டான். மாத்திரை சாப்பிட்டால் இருபது வருஷம் இருப்பார் என்று மஞ்சு சொன்னபோது அவன் அவளை அடிக்காத குறை.

அன்றோடு மஞ்சு அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அதை மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை, அதன் அர்த்தத்தையும் சேர்த்து விட்டுவிட்டாள். "எத்தினி நாளுமா மாத்திரை?" என்று கேட்டால், "மெதுவா பாத்துக்கலாம்" என்பாள். ஜனங்கள் சிரித்த முகமாகப் படி இறங்கிப் போவார்கள். "ஏண்டி, ஆயுசுக்கும்னு சொல்லேன்" என்று நானே ஒரு முறை கேட்டேன். "வாயால சொன்னா பலிச்சிடுமோன்னு இருக்குதுக்கா" என்றாள். நோயாளிக்கு ஏற்கெனவே பலித்திருக்கிற ஒன்றைத்தானே சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளுடைய நோயாளிகள் அவளைக் கொண்டாடினார்கள், நானும் விட்டுவிட்டேன்.

இது நடந்து நாலைந்து வருஷம் கழித்து, ஓர் ஆடி மாசத்தில் அவளுடைய அப்பாவே வந்தார். அடிக்கடி தலைவலி என்று மஞ்சுதான் வரவழைத்தாள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சிறுநீரகமும் கொஞ்சம் சுருங்கியிருந்தன. ராம்ப்ரசாத் அவளைத் தனியே கூப்பிட்டு, "க்ரானிக் மஞ்சு. மாத்திரையை விடாம பார்த்துக்கிட்டா பல வருஷம் ஓட்டலாம். உங்க அப்பாவுக்கு நீயே சொல்லிடு, நல்லா சொல்லுவே" என்றார்.

அவள் சொன்னதை நான் கேட்டேன். என் கவுண்டர் எதிரிலேயே பெஞ்சில் உட்காரவைத்துத்தான் சொன்னாள்.

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா கீது நைனா. மாத்திரை துன்னா அடங்கிடும்."

"எத்தினி நாளு துன்னணும்?"

"பாக்கலாம் நைனா."

நாகபூஷணம் சரியென்று தலையாட்டினார். மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், அவள் சொன்னால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி ருக்மணி நின்றுகொண்டிருந்தார். பின்னல் முழங்காலைத் தொடும். ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு முடியை நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் அங்கேயே மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டிக்கொண்டது என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஐந்து மாசத்தில் பிரஷர் நூற்று இருபத்தெட்டுக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் உப்பும், ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்று போடுவார்களே அது, ஏறாமல் நின்றது. மஞ்சு போனிலேயே, "நார்மல் வந்துடுச்சும்மா!" என்று கத்தினாள். எனக்குக் கவுண்டர் வரைக்கும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை ருக்மணியம்மாள் கவுண்டருக்கு வந்தபோது எனக்கு ஆள் தெரியவில்லை. தலை மொட்டை, மேலே சந்தனம். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறிப் போய், முழங்கால் தொட்ட முடியைப் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். லட்டுவைப் பிட்டு என் கையில் வைத்து, "எங்கூட்டுக்காரருக்கு சரியா பூடுச்சும்மா" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மஞ்சு அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாகப் போகவில்லை அம்மா, மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். யார் யாரிடமோ ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிற வாக்கியம்தானே? அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. "பெருமாள் காப்பாத்திட்டார்" என்று சொல்லி லட்டுவை வாயில் போட்டுக்கொண்டேன்.

நகரியில் அதற்குப் பிறகு நடந்தது இதுதான். வேண்டுதலைச் செலுத்தியாயிற்று, நோயைப் பெருமாள் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறமும் மாத்திரை விழுங்கினால் அவரை நம்பவில்லை என்று ஆகாதா? அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகூட இல்லை அது. மறுநாள் காலையில் ருக்மணியம்மாள் மாத்திரையை எடுத்து வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மனைவி தலையில் முடி இல்லாமல் எதிரே உட்கார்ந்து சோறு போடும்போது எந்தப் புருஷன் மாத்திரை கேட்பான்?

மகளிடம் சொன்னால் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை. மஞ்சு மாசாமாசம் என்னிடம் மாத்திரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நகரி போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று நான்தான் எழுதிக் கொடுப்பேன். "மாத்திரை துன்றியா நைனா?" என்று கேட்பாள். "ஆங்" என்பார். தறி ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எட்டு மாசம் ஓடியது. ஆவணியில் ஒரு நாள் பட்டப்பகலில் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை மாற்றிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கித் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. பக்கத்துத் தறிக்காரர் குணா வண்டி பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். பிரஷர் இருநூற்று இருபது. உப்பு எட்டைத் தாண்டியிருந்தது. ராம்ப்ரசாத் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

 கூட வந்திருந்த ருக்மணியம்மாள் கையிலிருந்த பையை என் கவுண்டர் மேல் வைத்தார். நூல் கோன் வருகிற வெள்ளைச் சாக்குப் பை. உள்ளே எட்டு மாசத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

"தூக்கிப் போட மனசு வரலமா. மஞ்சு வாங்கிக் குடுத்தது" என்றார். முடி காது வரை வளர்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பையை எடுத்துக் காலுக்கடியில் வைத்துவிட்டு வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் மஞ்சு கவுண்டருக்குள் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த மாதிரி மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும்னுதான் நெனைக்கிறேன் அக்கா. போன தடவ ஊருக்குப் போனப்பவே நைனா கால் வீங்கி இருந்துச்சு. மாத்திரை வைக்கிற பெட்டியைத் தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தொறந்தா கேக்கணும். கேட்டா அம்மா மூஞ்சியைப் பாக்கணும். உன் முடி வீணாப் போச்சும்மான்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"நானும்தாண்டி சொல்லலை" என்றேன்.

"நீ சொல்லலன்னா அது உன் வேலை இல்ல. எனக்கு அதான் வேலையே."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டேன். அழுது முடித்தபோது டிஸ்சார்ஜ் ஆகிற ஒருவர் பில்லோடு வந்து நின்றார். நான் எழுந்து அவரைப் பார்த்தேன்.

டயாலிசிஸ் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். மூன்றாவது தடவை நாகபூஷணத்துக்குத் தலை தெளிந்து, "இது எப்ப முடியும்?" என்று நர்சிடம் கேட்டார். ராம்ப்ரசாத் தானே பேசுவதாகச் சொன்னார். மஞ்சு, "நானே சொல்றேன் சார்" என்று உள்ளே போனாள். அந்த நேரம் நர்சிடம் ஊசி மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் பழைய குரலில், தறிக்கூடத்துக் குரலில்தான் பேசினாள்.

"நைனா, தறியில இழை அறுந்தா இன்னா பண்ணுவே?"

"முடிச்சு போட்டுட்டு ஓட்டுவேன்."

"பாவுலயே ஒரு இழை நெறம் மாறி வந்துட்டா?"

அவர் மகளைப் பார்த்தார்.  "அது பாவு தீர்ற வரைக்கும் வரும். பாத்துகினேதான் ஓட்டணும்" என்றார்.

"உனுக்கு வந்திருக்கிறது அந்த மாதிரி நைனா. க்ரானிக்னு பேரு. மொத நாளே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

நாகபூஷணம் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயந்திருப்பேன்" என்றார். "பயந்துகினே மாத்திரை துன்னிருப்பேன்."

 நான் ட்ரேயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நின்று சமாதானம் சொல்லியிருப்பேன். அந்த மனுஷன் திட்டவில்லை.

வராந்தாவில் ருக்மணியம்மாள் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மஞ்சு வந்ததும் நிமிர்ந்து, "நான் முடி குடுத்தது தப்பா மஞ்சு?" என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு மஞ்சு வழக்கமாகச் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே என்பாள். அன்று அவள் அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"முடி குடுத்தது தப்பில்லமா. இது முடிஞ்சு போற நோவு இல்லன்னு நான் சொல்லாததுதான் தப்பு. சொல்லியிருந்தா நீ வேற மாதிரி வேண்டிகினு இருப்பே."

"இனிமே எத்தினி நாளு இப்படி வரணும்?"

"நைனா இருக்கிற வரைக்கும்."

ருக்மணியம்மாள் அதைக் கேட்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அவரு இருக்கிற வரைக்கும்னா, கூட்டிகினு வர நான் இருக்கணுமே" என்றார். சேலையை ஒதுக்கிவிட்டு இடது கையை மகள் முன்னால் நீட்டினார். "ரெண்டு வருசமா எனக்கும் காலையில தலை பாரமாத்தான் கீது. அவரு நோவுல எங்கதை எதுக்குன்னு சொல்லல. பாரு."

மஞ்சு போய் பிரஷர் மெஷினை எடுத்து வந்தாள். பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். நூற்று எழுபத்தாறு. ஒரு தடவை பார்த்ததை வைத்து ராம்ப்ரசாத் எதையும் சொல்ல மாட்டார். செவ்வாய், வெள்ளி, மறுபடி செவ்வாய் என்று புருஷனை அழைத்து வந்த நாட்களிலேயே மனைவிக்கும் மூன்று தடவை பார்த்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். சிறுநீரகத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரஷர் இறங்குவதாக இல்லை. ராம்ப்ரசாத் சீட்டு எழுதி மஞ்சுவிடம் கொடுத்தார். அவள் அம்மாவை அதே பெஞ்சுக்கு, என் கவுண்டருக்கு எதிரே இருக்கிற பெஞ்சுக்கு அழைத்து வந்தாள்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். பழைய மஞ்சு மாதிரி "பாக்கலாம்" என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, உனுக்கும் க்ரானிக்" என்றாள் மஞ்சு. "போவாது. நார்மல்னு வரும், அப்பவும் இருக்கும். மாத்திரையை நீ சாவற வரைக்கும் துன்னணும். எந்த வேண்டுதலுக்கும் நிறுத்தக் கூடாது."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற தாயிடம் இப்படியா பேசுவது என்று ஒருவர் முணுமுணுத்தார். ருக்மணியம்மாள் வளர்ந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு மகளையே பார்த்தார்.

"சரி. சோறு துன்றதுக்கு முன்னாடியா, துன்னுட்டா?" என்றார்.